ஆஃப்-ரோடு எஸ்.யூ.வி.: தேர்வும் பராமரிப்பும்

ஆஃப்-ரோடு எஸ்.யூ.வி. என்பது தார்ச்சாலை இல்லாத மண், மணல், சேறு, பாறை வழிகளிலும் செல்லும்படி வடிவமைக்கப்பட்ட பயணிகள் வண்டி ஆகும். பேச்சு வழக்கில் இதை 'ஜீப்' என்றே பலரும் சொல்கிறார்கள். 1947இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் இணைத்து விற்கத் தொடங்கியது முதல் அந்தப் பெயர் இங்கு நிலைத்துவிட்டது.

சென்னையின் மேற்குப் புறநகரில் வண்டித் தொழில் நன்கு வேரூன்றியுள்ளது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் விஜயந்தா டாங்கி உருவானது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகப் பட்டறைகள் ஏராளம். பூந்தமல்லியை அடுத்துச் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, "உயரமான வண்டி இருந்தால் மழைக்காலத்தில் கவலை இல்லை" என்ற எண்ணம் இப்பகுதிக் குடும்பங்களிடம் பரவியது. ஓய்வுக்காலப் பணத்தையோ நீண்ட தவணைக் கடனையோ போட்டு வண்டி வாங்குபவர்கள் இந்த எண்ணம் எவ்வளவு சரி என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எல்லா எஸ்.யூ.வி.யும் ஆஃப்-ரோடு வண்டி அல்ல

சாலையில் காணும் எஸ்.யூ.வி.களில் பெரும்பாலானவை உயரம் கூட்டப்பட்ட கார்கள்தான். அவற்றில் எஞ்சினின் விசை முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்லும். உண்மையான ஆஃப்-ரோடு வண்டியில் பொதுவாக மூன்று அம்சங்களைக் காணலாம்.

முதலாவது, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஃபோர் வீல் டிரைவ். 'ஃபோர் பை ஃபோர்' என்று சொல்வதும் இதைத்தான்.

இரண்டாவது, 'லோ ரேஞ்ச்' எனப்படும் கூடுதல் கியர் அமைப்பு. கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது சிறிய கியருக்கு மாற்றினால் வேகம் குறைந்து, மிதிப்பது எளிதாகிறது அல்லவா? அதே தத்துவம்தான் இங்கும். வேகத்தை விட்டுக்கொடுத்துச் சக்கரத்தின் இழுவிசை பெருக்கப்படுகிறது.

மூன்றாவது, டிஃபரன்ஷியல் லாக். ஒரு சக்கரம் சேற்றில் சிக்கிச் சும்மா சுழன்றால், அதே ஆக்சிலின் மறு சக்கரத்துக்குப் போதிய இழுவிசை கிடைக்காது. இந்தப் பூட்டு இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் என இரண்டு ஆக்சில்களிலும் இது உண்டு.

ஒரே பெயரில் விற்கப்படும் வண்டியிலும் டூ வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ் என இரு வகைகள் இருக்கலாம். மகிந்திரா தார் அத்தகையது. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது என்பதால், பழைய வண்டி வாங்குபவர் கியர் லீவருக்கு அருகில் ஃபோர் வீல் டிரைவ் லீவர் உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

அளவும் கோணமும்

வண்டி ஒரு வரப்பைத் தாண்டும்போது மூன்று இடங்களில் தட்டலாம்: முன் பம்பர், வண்டியின் வயிறு, பின் பம்பர். இவற்றைத் தட்டாமல் ஏறி இறங்கக்கூடிய அளவையே அணுகு கோணம், நடுக் கோணம், விலகு கோணம் என்று கணக்கிடுகிறார்கள்.

2020இல் வந்த மூன்று கதவுத் தாரின் கோணங்கள் முறையே 41.8, 27, 36.8 பாகைகள். 2024இல் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸின் கோணங்கள் 41.7, 23.9, 36.1 பாகைகள். முன், பின் கோணங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, நடுக் கோணம் மட்டும் 3 பாகைக்கு மேல் குறைந்திருப்பதைக் கவனிக்கவும். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கூடினால் வயிறு தட்டும் வாய்ப்பும் கூடும் என்பதே காரணம்.

ஆனால் அந்த நீளம் வீட்டாருக்கு வசதியைத் தருகிறது. மூன்று கதவுத் தாரில் பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை நகர்த்தி ஏற வேண்டும். புடவை கட்டிய பெரியவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இது சிரமம். 4,428 மி.மீ. நீளமுள்ள தார் ராக்ஸில் பின்னால் ஏறத் தனிக் கதவுகள் உண்டு. ஐந்து கதவு மாருதி ஜிம்னி 3,985 மி.மீ. நீளமே கொண்டது, நெரிசலான தெருவில் திருப்ப எளிது, ஆனால் நால்வர் மட்டுமே அமரலாம்.

வெள்ளமும் வண்டியும்

தார், தார் ராக்ஸ் இரண்டுக்கும் 650 மி.மீ. ஆழ நீரைக் கடக்கும் திறன் உண்டு என நிறுவனம் குறிப்பிடுகிறது. இந்த அளவு, தேங்கி நிற்கும் நீரில், அடியில் உறுதியான தரை இருக்க, மெதுவாகச் செல்லும் நிலைக்கே பொருந்தும். ஓடும் வெள்ளத்துக்கு இதே எண்ணைப் பொருத்தக் கூடாது. ஏறத்தாழ 30 செ.மீ. ஆழத்தில் விரைந்து ஓடும் நீர் சிறிய காரை நகர்த்திவிடும், 60 செ.மீ. நீர் எஸ்.யூ.வி.யையும் அடித்துச் செல்ல வல்லது. நீர் வண்டியை மேலே தூக்கும்போது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடி போய்விடுகிறது. பிடி இல்லாத இடத்தில் நான்கு சக்கரமும் சுழன்று பயன் இல்லை. எனவே கூவத்தின் தரைப்பாலம் மூழ்கியிருந்தால் எந்த வண்டியானாலும் திரும்பிவிடுவதே சரி.

புறநகர்த் தெருக்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. நீர் நிறைந்த தெருவில் மூடியில்லாத வடிகாலும், குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது.

எஞ்சினுக்குள் நீர் போனால் என்ன ஆகும்? காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராட் வளையும். ஆவடியில் கட்டப்பட்ட டி-72, டி-90 டாங்கிகள்கூட ஆழமான நீரைக் கடக்கக் காற்றுக்குழாய் ஒன்றைப் பொருத்திக்கொண்டே இறங்குகின்றன. ஆகவே நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் செல்ஃப் அடிக்கக் கூடாது. தள்ளி மேட்டில் ஏற்றி, இழுவை வண்டி மூலம் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

இதில் பணக் கணக்கும் உள்ளது. முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் கெட்டால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதற்கு 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியே சேர்க்க வேண்டும். தாழ்வான பகுதியில் வசிப்பவர் இதை விடக் கூடாது.

வரிக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் அல்லது 1,500 சி.சி.க்கு மிகாத டீசல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதைத் தாண்டினால் 40 விழுக்காடு. 1.5 லிட்டர் டீசல் கொண்ட டூ வீல் டிரைவ் தார் 18 விழுக்காட்டில் வருகிறது. ஜிம்னி நீளத்தில் சிறியதாக இருந்தும், 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சின் என்பதால் 40 விழுக்காட்டில் வருகிறது.

இதன்மேல் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி உண்டு. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, வண்டி விலை 10 முதல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு, 20 லட்சத்துக்கு மேல் 20 விழுக்காடு. 19.90 லட்சம் வண்டிக்கு வரி 3,58,200 ரூபாய், 20.10 லட்சம் வண்டிக்கு 4,02,000 ரூபாய். விலை 20,000 கூடும்போது வரி 43,800 கூடுகிறது. வகையைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பராமரிப்பு

பி.எஸ்.-6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அம்பத்தூர் – ஆவடி நெரிசலில் தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் கரி எரியப் போதிய வெப்பம் கிடைக்காமல் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற தடையற்ற சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிவருவது உதவும். குறைந்த தூரமே ஓட்டுபவருக்குப் பெட்ரோல் வண்டி பொருத்தம்.

தார், ஜிம்னி போன்றவற்றில் உள்ளது பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ். இதை உலர்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளும். இரண்டும் பிணைக்கப்பட்டிருந்தால் கியர் அமைப்பு முறுக்கிக்கொள்ளும். அதேசமயம் பயன்படுத்தாமலே விட்டாலும் இறுகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை மண் தரையில் போட்டு ஓட்ட வேண்டும்.

சேற்றிலோ நீரிலோ சென்று வந்தால் அடிப்பாகத்தைக் கழுவி, ஆக்சில் ஆயிலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

வாங்கியதும் இரும்புத் தடுப்புக் கம்பி மாட்டும் பழக்கம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று அதை ஒன்றிய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குத் தெரிவித்தது. காற்றுப்பை சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கலாம்.

யாருக்கு ஏற்றது?

ஏலகிரி, ஏற்காடு, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை ஆகிய எல்லாவற்றுக்கும் தார்ச்சாலை உண்டு. அங்கே செல்ல ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம். திருவள்ளூர்ப் பக்கம் வயலோ தோப்போ வைத்திருந்து மழையிலும் மண்பாதையில் போய்வர வேண்டியவருக்கு இவ்வண்டி உண்மையில் கைகொடுக்கும். வீடு, அலுவலகம், பள்ளிக்கூடம் என்று மட்டும் செல்பவருக்குத் தரை இடைவெளி கூடுதலாக உள்ள சாதாரணக் காரே போதும்.

முடிவெடுக்கும் முன் கடந்த ஓராண்டில் தார்ச்சாலையை விட்டு இறங்கிய நாட்களை எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலையும் தெரு அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது வீட்டில் உள்ள மூத்தவரையும் அழைத்துச் சென்று, பின் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.