இடுப்பில் துப்பாக்கி: காட்டலாம் என்ற ஊரில் மறைப்பது ஏன்?

அரிசோனாவில் மகன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிற பெற்றோர் பலரிடம் இந்தக் கதை இருக்கும். கடையில் ஒருவர் தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. வலது இடுப்பில் பெல்ட்டோடு சேர்த்து ஒரு கறுப்பு உறை, அதில் கைத்துப்பாக்கி. போலீஸ்காரர் இல்லை. அவர் பாட்டுக்குத் தக்காளியை எடை போட்டுக்கொண்டு போகிறார். பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெலவெலத்துப்போய் மகனிடம் கேட்டால், "இங்கே இது சகஜம்ப்பா. தெரியறது ஒண்ணுன்னா, தெரியாதது எத்தனையோ" என்கிறான்.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஊரும் அதைக் கண்டுகொள்வதில்லை என்றால், சட்டைக்குள் ஒளித்துவைக்க என்ன அவசியம்? மறைக்கிறவன் ஏதோ திட்டத்தோடு இருக்கிறான் என்றுதானே நமக்குத் தோன்றும்?

அரிசோனாவில் இதற்கு உரிமமே வேண்டாமா?

வேண்டாம். 18 வயது ஆன ஒருவர், குற்றத் தண்டனை போன்ற தடை ஏதும் இல்லாவிட்டால், கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லலாம். மறைத்து எடுத்துச் செல்ல 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கும் உரிமம் தேவையில்லை. ஆளுநர் ஜான் ப்ரூவர் கையெழுத்திட்ட இந்தச் சட்டம் 2010 ஜூலை 29 முதல் நடப்பில் இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் எந்தக் காலத்திலும் உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-ல் உரிமத் தேவையை எடுத்தது. 2024-ல் லூசியானாவும் தென் கரோலினாவும் சேர்ந்தபோது உரிமம் கேட்காத மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது.

மறைப்பதுதானே ஆபத்து? அதை எப்படி அனுமதித்தார்கள்?

நமக்குத் தோன்றுகிற இதே சந்தேகம் 200 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்கர்களுக்கும் இருந்தது. 1813-லேயே கென்டக்கியும் லூசியானாவும் ஆயுதத்தை மறைத்து வைத்திருப்பதைத் தடை செய்தன. 1850-ல் லூசியானா உச்ச நீதிமன்றம், வெளிப்படையாக ஆயுதம் தரிப்பது உரிமை, ஒளித்து வைப்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது. நேர்மையானவன் இடுப்பில் மாட்டிக்கொண்டு எதிரே வருவான், ஒளிப்பவன் முதுகில் குத்த வருகிறவன் என்பது அன்றைய பொதுப்புத்தி.

இந்தப் பொதுப்புத்தி சட்டமாகி நிலைத்ததில் சில வேடிக்கைகளும் நடந்தன. அரிசோனாவில் 1994 வரை மறைத்து எடுத்துச் செல்வதற்கு உரிமம் வாங்கும் வழியே இல்லை. ஆனால் வெளியே தெரிந்தால் குற்றமில்லை. குளிருக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அது துப்பாக்கியை முழுக்க மூடிவிட்டால், அதுவரை சட்டப்படி நடந்தவர் அந்த நிமிடம் முதல் குற்றவாளி! ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றமும் 2003-ல் மறைப்பதற்கான தடையை உறுதி செய்தது. அதை எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துப்பாக்கியை வெளியே மாட்டிக்கொண்டு கூட்டமாக நடைப்பயணம் போனார்கள். "எங்களை மறைக்க விடமாட்டீர்கள் அல்லவா, இதோ பாருங்கள்" என்கிற பாணி. மக்கள் மிரண்டார்கள். 2004-ல் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தரும் சட்டம் வந்துவிட்டது. காட்டியே மறைக்கும் உரிமையை வாங்கியவர்கள் அவர்கள்.

டெக்சாஸ் கதை தலைகீழ். அங்கே 1871 முதல் பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோவதற்கே தடை. 1991 அக்டோபரில் கில்லீன் நகரத்து உணவகம் ஒன்றில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சாட்சியம் சொன்னார். பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்வானார். 1995-ல் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்தோடு, உரிமம் பெற்றவர்கள் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் வந்தது. வெளியே காட்டுவதற்கு 2016 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கௌபாய் படம் பார்த்து வளர்ந்த நாம் டெக்சாஸ்காரர்கள் எப்போதும் இடுப்பில் தொங்கவிட்டுத் திரிந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே அது குற்றம்.

சரி, இன்று இரண்டுக்கும் தடையில்லாத ஊரில் ஏன் மறைக்கிறார்கள்?

முதல் காரணம் சங்கோசம். சட்டம் அனுமதிப்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் மனசு வேறு. அரிசோனாவின் கிராமப்புறத்தில் இடுப்புத் துப்பாக்கியை யாரும் பொருட்படுத்துவதில்லை. பீனிக்ஸ் நகரத்தில் குழந்தையைப் பள்ளியில் விட வந்த அம்மா பொருட்படுத்துவார். வங்கிக்குள் போனால் காசாளர் முகம் மாறும். தேவாலயத்தில், பிறந்தநாள் விருந்தில், மருத்துவரின் காத்திருப்பு அறையில் எதற்கு வம்பு என்று சட்டையை வெளியே இழுத்து விட்டுக்கொள்கிறார்கள். 'அனுமதி உண்டு, ஏற்பும் உண்டு' என்று சொல்லப்படுகிற ஊரிலும் அந்த ஏற்பு தெருவுக்குத் தெரு மாறுகிறது.

கடைக்காரர்களும் இதையே சொல்லிவிட்டார்கள். 2013-ல் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், காபி குடிக்கத் துப்பாக்கியோடு வர வேண்டாமே என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். 2019 ஆகஸ்ட்டில் எல் பாசோ வால்மார்ட் கடையில் 20-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே அந்த நிறுவனம், சட்டம் அனுமதிக்கும் மாநிலங்களிலும் வெளியே தெரியும்படி கொண்டுவர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. உரிமத்தோடு மறைத்துக் கொண்டுவருவதைப் பற்றி அது எதுவும் மாற்றிச் சொல்லவில்லை. டெக்சாஸில் இதற்கென்றே இரண்டு தனித்தனி அறிவிப்புப் பலகைகள் உண்டு: மறைத்தது கூடாது என்பதற்குச் சட்டப்பிரிவு 30.06, தெரிவது கூடாது என்பதற்கு 30.07. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் அங்குல உயரம். இரண்டாவதை மட்டும் மாட்டிவைத்த கடைக்காரர் சொல்வது இதுதான்: "வைத்திருந்தால் வைத்திரு, என் கண்ணில் படாதபடி வைத்திரு."

இரண்டாவது காரணம் பயம். நமக்கு மட்டுமல்ல, வைத்திருக்கிறவருக்கும்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும். போலீஸ்காரரின் உறையில் வெறுமனே இழுத்தால் துப்பாக்கி வராதபடி பூட்டு இருக்கும். யாராவது பிடுங்க வந்தால் எப்படித் தடுப்பது என்று அவருக்குப் பயிற்சியும் தருவார்கள். தக்காளி பொறுக்குகிறவருக்கு இரண்டும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. குனிந்திருக்கும்போது பின்னால் வருகிறவன் உருவிக்கொண்டால் போச்சு. கொள்ளையடிக்க வந்தவன் முதலில் யாரைச் சுடுவான் என்ற கேள்வியும் உண்டு. காட்டினாலே திருடன் ஒதுங்கிவிடுவான் என்பது எதிர்த்தரப்பு வாதம். துப்பாக்கிக்காரர்களுக்குள்ளேயே இது முடிவில்லாத சண்டை.

மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

எங்கே மறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இடுப்பு வாருக்கு உள்பக்கம், டிரிகரை முழுக்க மூடும் கெட்டியான உறையில் செருகிவைப்பவர் ஒரு ரகம். உறை இல்லாமல் கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொள்பவர் இன்னொரு ரகம். இவர் பக்கத்தில் நானாக இருந்தால் நிற்க மாட்டேன். கைப்பை எல்லாவற்றிலும் மோசம். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலம் ஹேடன் ஊரில், உரிமம் பெற்ற 29 வயதுப் பெண் ஒருவர் துப்பாக்கியைக் கைப்பையின் தனி ஜிப் அறையில் வைத்திருந்தார். பை தள்ளுவண்டியில், உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் பக்கத்தில். குழந்தை ஜிப்பைத் திறந்து எடுத்துவிட்டது. தாய் அங்கேயே இறந்தார். தாய் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இடுப்பில் இருக்கும் துப்பாக்கி உடம்போடு வரும். பையில் இருப்பது பை போகிற இடத்துக்குப் போகும்.

சட்டை விலகித் தெரிந்துவிட்டால் வழக்கு வருமா?

காட்டவே அனுமதி உள்ள ஊரில் வராது. மறைக்க மட்டுமே அனுமதி உள்ள ஊர்களில்தான் அந்தக் கவலை. துணிக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் புடைத்துத் தெரிவதை அவர்கள் 'பிரிண்டிங்' என்பார்கள். அதற்காகவே ஒரு சைஸ் பெரிய சட்டை, கட்டம் போட்ட துணி என்று தேடுவார்கள். ஒருவரை மிரட்டுவதற்காகச் சட்டையைத் தூக்கிக் காட்டினால் எந்த ஊரிலும் குற்றம்தான்.

எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியுமா?

முடியாது. பள்ளி வளாகம், வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடி, மத்திய அரசுக் கட்டடங்கள், தபால் நிலையம், விமான நிலையச் சோதனைக்கு அப்பால் உள்ள பகுதி எல்லாம் தடை. இதில் சுவாரஸ்யமானது மதுக்கூடம். அரிசோனாவில் உட்கார்ந்து குடிக்கிற கடைக்குள், தடைப் பலகை மாட்டாத இடமாக இருந்தால், உரிமம் வைத்திருப்பவர் துப்பாக்கியோடு போகலாம். ஆனால் மறைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது. ஒரு காலத்தில் மறைத்தால் குற்றம் என்ற அதே மாநிலத்தில், இந்த ஓரிடத்தில் காட்டினால் குற்றம். உரிமம் கட்டாயமில்லை என்று ஆன பிறகும் பலர் விண்ணப்பித்து உரிமம் வாங்கிவைத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். அந்த உரிமத்தை ஏற்கும் வேறு மாநிலங்களுக்கும் கொண்டுபோகலாம் என்பது இன்னொன்று. ஆனால் கலிஃபோர்னியா ஏற்பதில்லை. பீனிக்ஸிலிருந்து மேற்கே சுமார் 240 கி.மீ. ஓட்டிக் கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால், இக்கரையில் சட்டப்படி இருந்தவர் அக்கரையில் வழக்கில் மாட்டுவார்.

பழக்கதோஷமும் ஆளைக் கவிழ்க்கும். தினமும் மாட்டுகிற பொருள் மனசிலிருந்து மறைந்துபோகிறது. 2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. அதிகம் சிக்கிய விமான நிலையங்களில் பீனிக்ஸும் ஒன்று. "பையில் இருந்தது மறந்துவிட்டேன்" என்பதுதான் அங்கே வழக்கமாகக் கேட்கிற பதில்.

போலீஸ் நிறுத்தினால் சொல்ல வேண்டுமா?

சில மாநிலங்களில் கேட்காமலே சொல்ல வேண்டும். அரிசோனாவில் கேட்டால் உண்மை சொல்ல வேண்டும். கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். சொன்னவருக்கு நேர்ந்ததும் உண்டு. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பின இளைஞர், உரிமம் வைத்திருந்தவர், கார் நிறுத்தப்பட்டதும் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார். சில விநாடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட காவலர் அடுத்த ஆண்டு விடுதலையானார். ஆகவே யார் இடுப்பில் இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் ஏற்பு என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும். 1967-ல் கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின இயக்கத்தினர் துப்பாக்கியேந்தித் தெருவில் ரோந்து போன பிறகுதான், கலிஃபோர்னியா குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோவதைத் தடுத்தது.

மறைத்து எடுத்துச் செல்ல விடுவதால் குற்றம் குறைந்திருக்கிறதா?

குறைகிறது என்று 1990-களில் பொருளாதார ஆய்வாளர் ஜான் லாட் எழுதினார். 2004-ல் வந்த தேசிய ஆய்வுக் குழு அறிக்கை, எந்தப் பக்கமும் முடிவு சொல்ல ஆதாரம் போதாது என்றது. ஜான் டோனஹியூ குழுவினர் 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, மறைத்து எடுத்துச் செல்லும் உரிமையைத் தாராளமாக்கிய மாநிலங்களில் பத்தாண்டு கழித்து வன்முறைக் குற்றங்கள் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்தன. எனக்கு டோனஹியூ சொல்வதே நம்பும்படி இருக்கிறது.

ஹெச்-1பி விசாவில் இருக்கும் என் மகன் வாங்கலாமா?

பொதுவாகக் கூடாது. உரிமம் வேண்டாம் என்ற மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் ஏமாறுகிற இடம் இது. ஹெச்-1பி, எஃப்-1, சுற்றுலா விசா எல்லாமே தற்காலிக விசாக்கள். இவற்றில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. மீறினால் சிறை, அதோடு விசாவும் போகும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. நண்பருடைய துப்பாக்கியை "கொஞ்ச நேரம் வைத்திரு" என்று கொடுத்தால்கூட வாங்கிவைத்துக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.

நம் நாட்டில்?

இங்கே கேள்வியே வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். உரிமம் உள்ளவரும் பொது இடத்தில் உறையிலிட்டு, முழுக்க மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தேர்தல் வந்தால் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள்.

ஊர் திரும்பும் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. பெட்டி போதவில்லை என்று மகனின் நண்பரிடமிருந்து முதுகுப்பை இரவல் வாங்கினால், அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். ஓர அறைகளுக்குள் விரலை விட்டுத் துழாவுங்கள். சுடும் பயிற்சிக்குப் போகிறவரின் பையில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒற்றைத் தோட்டா அடியில் தங்கியிருக்கலாம். இந்திய விமான நிலையங்களில் இப்படி ஒரே ஒரு தோட்டாவோடு பிடிபட்டு, ஆயுதச் சட்டத்தில் வழக்காகி, தெரியாமல் வந்துவிட்டது என்று டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் ரத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.