பட்டாவில் 40.50 என்றால் சென்ட் இல்லீங்க, ஏர்!

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் முத்தாண்டிக்குப்பம். முந்திரி விளையும் செம்மண் பூமி. இந்தப் பக்கம் தோப்பு எவ்வளவு என்று கேட்டால் ஏக்கர், சென்ட் கணக்கில்தான் பதில் வரும். ஆனால் செல்போனில் பட்டாவை எடுத்துப் பார்த்தால் ஏக்கரும் இருக்காது, சென்டும் இருக்காது. பரப்பு என்ற கட்டத்தில் 0 - 40.50 என்று ஒரு எண் நிற்கும்.

இதை '40 சென்ட்' என்று படித்துவிட்டால் போச்சு! முதலில் இருக்கும் 0 ஹெக்டேர். அடுத்து வரும் 40.50 ஏர். 1 ஹெக்டேருக்கு 100 ஏர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். 40.50-ஐ 2.47-ஆல் பெருக்கிப் பாருங்க, 100 சென்ட் வருகிறது. முழுசா ஒரு ஏக்கர்! அதை 40 சென்ட் என்று நினைத்து விலை பேசினால் 60 சென்ட் நிலம் கணக்கிலேயே வராமல் போய்விடும்.

பட்டாவை ஆங்கிலத்தில் எடுத்தால் இன்னொரு சிக்கல். 'ஏர்' என்ற அளவுக்கும், 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது வரும் 'ஆர்' என்ற சொல்லுக்கும் எழுத்து ஒன்றேதான். ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் குழம்புவார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்தால் அது நில அளவு, அவ்வளவுதான்.

மனையில் தடுமாற வைப்பது 'ஸ்கொயர்'. 30 ஸ்கொயர் ஃபீட் என்றால் 30 சதுர அடி, ஒரு சின்ன குளியலறை அளவு. 30 ஃபீட் ஸ்கொயர் என்றால் பக்கத்துக்கு 30 அடி உள்ள சதுரம், அதாவது 900 சதுர அடி. சொல் இடம் மாறினால் அளவே மாறிவிடுகிறது. 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால், விளம்பரத்தில் வரும் எந்த மனையையும் நீங்களே சரிபார்க்கலாம்.

'30 பை 40 மனை' என்று சொல்கிறோமே, அந்த 'பை' வகுத்தல் இல்லை. நீளத்தையும் அகலத்தையும் பெருக்க வேண்டும், 1,200 சதுர அடி. அதே 'பை' பாகப்பிரிவினையில் '1 பை 3' என்று வந்தால் மூன்றில் ஒரு பங்கு. 'இன்டூ' இதைவிட வேடிக்கை. நம் பள்ளிக்கூடத்தில் 3 இன்டூ 12 என்றால் 36. வெளிநாட்டு ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் 12-ஐ 3-ஆல் வகுப்பது, விடை 4! சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்டால், பெருக்கலுக்கு அங்கே 'டைம்ஸ்' என்பார்கள் என்று சொல்வார்.

திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது கவனிக்க வேண்டிய சொற்கள் வேறு. 'அப் டு', 'நாட் எக்ஸீடிங்' இரண்டும் ஒன்றுதான், மிகாமல் என்று பொருள். 'லெஸ் தேன்' என்றால் அதற்கும் கீழே. சிறு விவசாயிக்கான வரம்பு 2 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 5 ஏக்கர். சரியாக 2 ஹெக்டேர் வைத்திருப்பவரும் அதில் அடங்குவார். அதே இடத்தில் 'லெஸ் தேன்' என்று இருந்தால் அவர் வெளியே! சொட்டுநீர்ப் பாசனத்துக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைப்பதால், இந்த ஒரு சொல்லில் காசு இருக்கிறது.

இப்போதே செய்து பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் நில ஆவண மின்சேவைத் தளத்துக்குப் போய் மாவட்டம், வட்டம், கிராமம், பிறகு புல எண், உட்பிரிவு எண் கொடுத்து உங்கள் பட்டாவை எடுங்கள். ஹெக்டேரை 100-ஆல் பெருக்கி, ஏரோடு கூட்டி, வந்த எண்ணை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட் கிடைக்கும். உதாரணத்துக்கு 1 - 20.00 என்றால் 120 ஏர், சுமார் 296 சென்ட், அதாவது கிட்டத்தட்ட 2 ஏக்கர் 96 சென்ட். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்டில் எழுதியிருப்பதோடு இதை ஒப்பிடுங்கள். ஒரு சென்டுக்குள் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் முழு எண்ணாக்கியதால் வந்ததுதான். பத்து, இருபது சென்ட் இடித்தால் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். நில அளவைக்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கவும் வசதி இருக்கிறது.