மவுஸைப் பிடிக்கத் தயக்கமா, டீச்சர்?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் ஆசிரியர்கள் கணிசம். வீட்டில் வினாத்தாள் டைப் செய்கிறார்கள், மெயில் அனுப்புகிறார்கள். ஆனால் வகுப்பில் கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடத்தச் சொன்னால் தயங்குகிறார்கள். நடுவில் அது நின்றுவிட்டால்? பின் பெஞ்ச் பையன் நம்மைவிட வேகமாக மவுஸ் பிடித்தால்?

பாடம் சுற்றுச்சூழலாக இருந்தால் தயக்கம் இரட்டிப்பாகிறது. நீர், மண், மின்சாரம் பற்றி மாணவன் கேட்கும் கேள்விக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்காது.

சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு வந்தது. ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. கருவி எல்லாம் பெட்டியில் வந்து இறங்கும். தன்னம்பிக்கை அப்படி வராது.

பிறகு எப்படி வரும்? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977ல் இதற்கு விடை சொன்னார். தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், பதற்றம் குறைவது ஆகிய நான்கும்தான் வழி. இவற்றில் முதலாவதற்கே பலம் அதிகம். எனவே சின்னதாக ஒன்றை வீட்டில் செய்து ஜெயித்துவிடுங்கள். இதோ இரண்டு பயிற்சிகள்.

பயிற்சி 1: நம்ம ஊர், மேலிருந்து

கூகுள் எர்த் ப்ரோ என்ற சாப்ட்வேர் 2015 முதல் இலவசம். டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். தேடும் கட்டத்தில் கருவேப்பிலங்குறிச்சி என்று கொடுங்கள். கிடைக்காவிட்டால் விருத்தாசலம் என்று கொடுத்து, மவுஸால் தெற்கே நகருங்கள். பள்ளியைக் கண்டுபிடியுங்கள். மாணவர்கள் தங்கள் வீட்டைத் தேட ஆரம்பித்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரிதான்.

அடுத்து, விருத்தாசலத்துக்குக் கிழக்கே நெய்வேலிக்குப் போங்கள். மேலே டூல்பாரில் கடிகாரப் படம் இருக்கும். அதை க்ளிக் செய்தால் ஒரு ஸ்லைடர் வரும். இழுத்தால் பழைய ஆண்டுகளின் படங்கள் தெரியும். நிலக்கரிச் சுரங்கம் எந்தப் பக்கம் விரிந்தது, எங்கே மண் மூடி மரம் வந்தது என்று மாணவர்களே சொல்வார்கள். வீட்டில் விளக்கு எரிய மின்சாரம் வேண்டும். வயலுக்கு நிலமும் நீரும் வேண்டும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். கேள்வியைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஏரிகளை ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களை எடுங்கள். வீராணம் ஏரியை டிசம்பரிலும் மே மாதத்திலும் பார்த்துவிட்டு ‘ஏரி சுருங்கிவிட்டது’ என்று சொன்னால் அது தவறான முடிவு.

பயிற்சி 2: கூரையில் விழும் தண்ணீர்

தமிழகத்தில் 2003ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. உங்கள் பள்ளிக் கூரையில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது? கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர்.

எக்ஸெல்லைத் திறங்கள். முதல் கட்டத்தில் கூரையின் பரப்பு 200. பக்கத்துக் கட்டத்தில் மழை அளவு 10. மூன்றாவது கட்டத்தில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்தை க்ளிக் செய்து, நட்சத்திரக்குறி போட்டு, இரண்டாவதை க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். 2000 லிட்டர் என்று வரும். ஆவியாவதும் சிதறுவதும் போக 80 சதவீதம் பிடித்தாலும் 1600 லிட்டர். இப்போது மழை அளவை மாற்றுங்கள். விடை தானே மாறும். இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பரப்பை நாடா வைத்து மாணவர்களே அளந்து வரட்டும்.

கரண்ட் போனால்?

முந்தைய நாளே கூகுள் எர்த்தில் பைல் மெனு, சேவ், சேவ் இமேஜ் கொடுத்துப் படங்களைச் சேமியுங்கள். நெட் இல்லாவிட்டாலும் காட்டலாம். இரண்டு படங்களை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள். கரண்டே போனாலும் பாடம் நிற்காது. இந்த மாற்று ஏற்பாடு கையில் இருந்தாலே பதற்றம் பாதி குறையும்.

வேகமாக மவுஸ் பிடிக்கும் அந்தப் பின் பெஞ்ச் பையன்? அவனையே கம்ப்யூட்டர் முன் உட்கார வையுங்கள். அவனுக்குத் தெரிவது எங்கே க்ளிக் செய்வது என்பது. எதைப் பார்ப்பது, ஏன் பார்ப்பது, எதை நம்பக் கூடாது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பாடம், கற்பிக்கும் முறை, கருவி மூன்றும் சேர்ந்தால்தான் நல்ல வகுப்பு என்று மிஸ்ரா, கோலர் என்ற இரு ஆய்வாளர்கள் 2006ல் விளக்கினார்கள். மூன்றில் இரண்டு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் வீட்டில் உள்ளவர்களுக்குச் செய்து காட்டுங்கள். அடுத்த வாரம் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவிட்சையும் அணைக்க மறக்காதீர்கள். சுற்றுச்சூழல் பாடத்தில் மாணவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.