‘பிடிக்காம எழுந்து நிற்க முடியுதா?’: டிபி மரணங்களைத் தடுக்க உதவும் எளிய சோதனை

காசநோய்க்கு, அதாவது டிபி-க்கு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் ஏன் இன்னமும் உயிரிழப்பு?

டிபி மரணங்களில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் 2 மாதங்களுக்குள் நடக்கின்றன. நோய் கண்டுபிடிக்கப்படும்போதே உடல் மிக மோசமாகியிருக்கும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே நிலைமை கைமீறிப் போய்விடும். இப்படிப்பட்டவர்களை முதல் நாளே அடையாளம் கண்டால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்லிவந்தன. அதை ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்படிச் செய்வது என்பதுதான் சிக்கல்.

முதலில் ஒரு பழைய கதை

1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. 193 நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை. மறுபாதிக்கு, நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே மாத்திரை. வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் குணமான அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை.

1959-ல் வெளியான இந்த முடிவு, உலகம் முழுக்க டிபி சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. இன்று வரை பெரும்பாலானோருக்கு அதுவே சரியான வழி. ஆனால் எல்லோருக்கும் அல்ல. மிக மோசமான நிலையில் இருப்பவருக்கு மாத்திரையோடு ஆக்சிஜன், சிகிச்சை உணவு, தொடர் கண்காணிப்பு எல்லாம் தேவை. அதற்கு அட்மிஷன் போட்டே ஆக வேண்டும்.

தமிழ்நாடு என்ன செய்தது?

2022 ஏப்ரலில் ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. மாநிலக் காசநோய்ப் பிரிவும், சென்னையில் உள்ள ஐசிஎம்ஆர்-தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. டிபி உறுதியானதும் ஊழியர்கள் பார்ப்பது இவ்வளவுதான்:

• உயரம், எடை வைத்து பிஎம்ஐ
• கால் வீக்கம்
• ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு
• ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு
• பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா

பிஎம்ஐ 14 அல்லது அதற்கும் கீழ், மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94%-க்குக் கீழ், தானாக நிற்க முடியவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் அபாய அறிகுறி. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு பிஎம்ஐ 14 என்றால் எடை வெறும் 36 கிலோதான்! அறிகுறி இருப்பவரை உடனே படுக்கை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, முழுமையாகப் பரிசோதித்து, தேவையென்றால் அட்மிட் செய்ய வேண்டும்.

இதுல என்ன புதுசு?

எடை பார்ப்பது புதிதல்ல. அந்த எண்ணை வைத்து ‘இவரை இன்றே அனுப்பணும்’ என்று முடிவெடுப்பதுதான் புதிது. எக்ஸ்-ரே வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். எடை மெஷினும், கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான பல்ஸ் ஆக்சிமீட்டரும் போதும். டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் ஊழியர்களே பார்த்துவிடலாம்.

அடுத்த கட்டமாக, ஒரு நோயாளி உயிரிழக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணிக்கும் வசதி 2025-ல் இத்திட்டத்தின் இணையச் செயலியில் சேர்க்கப்பட்டது. அந்தக் கணிப்பின்படி, தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு 10 முதல் 50%. மற்றவர்களுக்கு 1 முதல் 4%. எண்ணைப் பார்த்ததும் யாருக்கு அவசரம் என்று புரிந்துவிடும்.

சாப்பாடும் மருந்துதான்

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இன்னொரு பாடம் சொன்னது. 2,800 நோயாளிகளுக்கு மாதாமாதம் உணவுப் பொருட்கள் தரப்பட்டன. முதல் 2 மாதங்களில் 5% எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60% குறைவாக இருந்தது. ஒரு பிரிவில் நோயாளியின் குடும்பத்தினருக்கும் அரிசி, பருப்பு தரப்பட்டது. அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39% குறைந்தது.

2018 முதல் மத்திய அரசு நோயாளிகளுக்கு மாதம் ₹500 தந்துவந்தது. 2024 நவம்பரில் அது ₹1,000 ஆனது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஆய்வில் கொடுத்தது உணவு, திட்டத்தில் கொடுப்பது பணம். சம்பாதிப்பவரே படுத்துவிட்ட வீட்டில் அந்தப் பணம் முட்டை, பருப்பாக மாறுமா, வாடகைக்கும் கடனுக்கும் போய்விடுமா? ஆய்வின் பலன் அப்படியே கிடைக்குமா என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

2 வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, மாலை நேரக் காய்ச்சல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது டிபி உறுதியானால், மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ‘எடை பார்த்தீங்களா? ஆக்சிஜன் எவ்வளவு? அட்மிஷன் தேவையா?’ என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனையிலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். தேசிய டிபி உதவி எண்: 1800-11-6666.