முற்றுதலும் பழுத்தலும்: பழத்தின் சேமிப்புத் தரம் எங்கே அமைகிறது?

மரத்தில் தோன்றும் பிஞ்சு காயாகி, செங்காயாகி, பின்னர்க் கனியாகிறது. இப்பெயர்களுக்கு ஏற்ப வினைச்சொற்களும் தமிழில் வேறுபடுகின்றன. காய் முற்றுகிறது, அதன்பின் பழுக்கிறது. முற்றாமல் பழுத்ததை ‘வெம்பல்’ என்கிறோம். முற்றுதல் மரத்தில் மட்டுமே நிகழ்வது. பழுத்தல் பறித்த பின்னும் நிகழக்கூடியது. பறித்த பழம் ஏன் விரைவில் கெடுகிறது என்னும் வினாவுக்கு இவ்வேறுபாட்டிலிருந்தே விடை தேடலாம்.

ரவாங் தொடங்கிக் கோல சிலாங்கூர் வரையுள்ள தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்குப் பப்பாளி கொல்லைப்புறத்து மரம். பறித்த பழத்தை ஓரிரு நாளில் உண்டுவிட்டதால் அதன் சேமிப்புத் தரத்தை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. விற்பனைக்குப் பயிரிடுவோர் நிலை வேறு. மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்சோட்டிகா வகை, ஏற்றுமதிக்கும் உரியதாயிற்று. நெடுந்தொலைவு செல்லும் பழம் வழியிலேயே குழைந்துவிட்டால் பயிரிட்டவரின் பல மாத உழைப்பு வீணாகும். கடுங்குளிரில் வைப்பதும் தீர்வன்று. ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் வைத்த பப்பாளி பின்னர் நன்றாகப் பழுப்பதில்லை.

ஆகவே, காரணத்தை மரத்திலும் தேட வேண்டும். பழத்தின் உயிரணுக்களை ஒட்டி நிறுத்துவது பெக்டின் என்னும் பொருள். அதனை இறுகப் பிணைப்பது கால்சியம். இது வேரிலிருந்து நீருடன் மேலேறுகிறது. இலைகளே மிகுதியாக நீரை ஆவியாக்குவதால் கால்சியத்தின் பெரும்பகுதி அவற்றுக்கே செல்கிறது. இலையை அடைந்த கால்சியம் காய்க்குத் திரும்புவது அரிது. எனவே, மண்ணில் கால்சியம் போதிய அளவு இருந்தும் காயில் குறைவாக இருக்கலாம். நைட்ரசன் உரத்தை அளவுக்கு மீறி இட்டால் இலைகள் தழைத்துக் குறையை மிகுவிக்கும்.

இதனால்தான் கால்சியக் கரைசலை இளங்காயின் மேலேயே தெளிக்கும் முறை ஆராயப்பட்டது. செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்சோட்டிகா 2 வகையில் அறுவடைக்கு முன் கால்சியம் குளோரைடைத் தெளித்து ஆராய்ந்தனர். சேமிப்பின்போது பழம் குழைவது தாமதமாயிற்று. ஆந்த்ரக்னோசு நோயும் குறைந்தது. இந்நோய்க்குரிய பூஞ்சை பச்சைக் காயிலேயே புகுந்து, வெளித்தெரியாமல் தங்கி, பழுக்கும்போது புள்ளிகளாக வெளிப்படுவது. கரைசலின் செறிவு மிகுந்தால் இலையும் தோலும் கருகும். அளவறிந்து தெளித்தல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘முற்றுதல்’, ‘பழுத்தல்’ ஆகிய இரண்டையும் ‘முதிர்ச்சி’ என்னும் ஒரே சொல்லால் குறிக்காதீர்கள். குறித்தால், மரத்தில் அமையாத தரத்தைக் குளிரறையில் பெறலாம் என்னும் மயக்கம் மாணவர்க்கு ஏற்படும். குளிரறை உள்ள தரத்தைக் காக்குமேயன்றி இல்லாததை உண்டாக்காது. மாணவர்கள் ஒரே மரத்தில் மஞ்சட்கீற்று விழுந்த காய் ஒன்றையும் இளங்காய் ஒன்றையும் பறித்து வைத்து, நாள்தோறும் மாற்றங்களைக் குறித்து வரட்டும். முன்னது பழுக்கும், பின்னது வெம்பும். இரு சொற்களின் பொருளும் அவர்களுக்கு அப்போது விளங்கும்.