லொறியின் பின்விளக்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லில் வாழும் எமக்கு லொறிகள் புதியனவல்ல. சீனன்குடாவின் மாவாலையிலிருந்தும் சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்தும் மூடைகளை ஏற்றிக்கொண்டு, கந்தளாய், ஹபரணை வழியாக அவை இரவிலும் செல்கின்றன. அவற்றுள் ஒன்றைச் செலுத்துபவர் என்னிடம் கல்வி பயின்றவர். அண்மையில் அவர் தம் லொறியின் வெளிவிளக்குகளிலிருந்த இழைக்குமிழ்களைக் கழற்றிவிட்டு, எல்.இ.டி. குமிழ்களைப் பொருத்திக்கொண்டு வந்தார். “சேர், இனி அடிக்கடி குமிழ் மாற்ற வேண்டியதில்லை” என்றார். அந்தி சாய்ந்த வேளை. நான் பின்னே முப்பதடி தள்ளி நின்று, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். அவர் மிதித்தாரா இல்லையா என்பதை என்னால் அறிய இயலவில்லை. இதுவே இன்றைய பேச்சிற்குக் காரணம்.

முதலில் இருவகைக் குமிழ்களின் வேறுபாட்டை நோக்குவோம். பழைய குமிழில் மெல்லிய தங்குதன் இழையொன்று 2,500 பாகை செல்சியசு அளவிற்குச் சூடேறி ஒளிர்கின்றது. மின்சக்தியிற் பெரும்பகுதி வெப்பமாகவே கழிகின்றது. வீதியின் அதிர்வினால் இழையும் அறுந்துவிடுகின்றது. ஒளிகாலும் இருவாயி எனப் பாடநூல்கள் கூறும் எல்.இ.டி.யில் இழையே இல்லை. குறைகடத்தியொன்றினூடாக மின் பாயும்போது ஒளி நேரே பிறக்கின்றது. ஆதலின் மின்செலவு குறைவு, ஆயுள் அதிகம். வேறொரு நன்மையும் உண்டு. பழைய இழை சூடேறி முழு ஒளி தருவதற்கு ஏறக்குறைய ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு செல்லும்; எல்.இ.டி. உடனே ஒளிரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் பின்வரும் வாகனம் அச்சிறு பொழுதில் மூன்று மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஓர் உயிரைக் காக்க அத்தூரம் போதியதாகலாம்.

எனினும் குமிழை மாற்றினால் மட்டும் போதாது. பின்விளக்கின் பழைய குமிழினுள் இரண்டு இழைகள் இருப்பதுண்டு. 5 வாற்று இழை இரவு முழுவதும் எரியும்; 21 வாற்று இழை பிரேக்கை மிதிக்கும்போது எரியும். இவ்விரண்டின் வேறுபாட்டைக் கொண்டே பின்வருவோர் நாம் நிற்கப்போவதை உணர்கின்றனர். தரங்குறைந்த எல்.இ.டி. குமிழ்கள் சிலவற்றில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. என் மாணவரின் லொறியில் நேர்ந்தது இதுவே.

நிறமும் கவனத்திற்குரியது. கண்ணுக்குப் புலனாகும் செந்நிற எல்.இ.டி.யை அமெரிக்கரான நிக் ஹொலொன்யாக் 1962இல் உருவாக்கினார். வெண்ணிறத்திற்கு வழி திறந்தது, பின்னர் வந்த நீல எல்.இ.டி. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். இன்றைய வெள்ளைக் குமிழ்களுட் பெரும்பாலானவை நீல ஒளியின்மேல் மஞ்சட் பூச்சிட்டு ஆக்கப்பட்டவை. அவற்றிற் செந்நிறக் கூறு குறைவு. சிவப்புக் கண்ணாடியின் பின்னே அவற்றை இட்டால் ஒளி மங்கும். சிவப்பிற்குச் சிவப்பும், செம்மஞ்சளுக்குச் செம்மஞ்சளுமே இடுதல் வேண்டும்.

அடுத்தது சமிக்ஞை விளக்கு. 24 வோல்ற்று லொறியில் 21 வாற்றுக் குமிழ் ஏறத்தாழ 0.9 அம்பியர் மின்னை இழுக்கும். எல்.இ.டி. மிகச் சிறிதே இழுப்பதால், குமிழ் அறுந்துவிட்டதெனக் கொண்டு பழைய பிளாஷர் மிக விரைவாக மினுக்கும். இதற்கெனச் சிலர் தடையிகளை இணைப்பர். அவை பிளாத்திக்கை உருக்குமளவு சூடேறுவன. மிஞ்சிய மின்னையும் தின்றுவிடுவன. எல்.இ.டி.க்கு உரிய பிளாஷரை வாங்கி இடுவதே நன்று.

விளக்குக் கூட்டையும் பார்த்தல் வேண்டும். பழைய குமிழ் எப்புறமும் ஒளி வீசுவது. கூட்டின் தெறிப்பி அதற்கேற்ப அமைந்தது. அதனுள் எல்.இ.டி.யை இட்டால் நடுவில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சிடலாம். ஆதலின் வசதியுள்ளோர், நீர் புகாவண்ணம் அடைக்கப்பட்ட முழு எல்.இ.டி. விளக்கையே பொருத்துவாராக. எமது கடற்காற்றிற்கும் அதுவே தகும். முன்னதாகப் புவித்தொடுப்பின் துருவைச் சுரண்டித் துடைத்தல் அவசியம். அது பழுதாயின் எவ்விளக்கும் செவ்வனே எரியாது.

பின்விளக்கு பின்னே வருவோருக்காக எரிகின்றது. சாரதியோ தம் இருக்கையிலிருந்து அதனைக் காணார். ஆகவே விளக்கை மாற்றியதும் ஒருவரை உள்ளே இருத்தி, பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பின்னே நின்று பாருங்கள்.

என் மாணவர் முழு விளக்குகளையும் மாற்றிக்கொண்டு மீண்டும் வந்தார். இம்முறை பிரேக்கை மிதித்தவன் நான். முப்பதடி தள்ளி நின்று பார்த்தவர் அவர்.