கை முந்துமா, எண்ணம் முந்துமா?

நெளுக்குளத்திலிருந்து வவுனியா நகருக்கு நாளாந்தம் சைக்கிளில் போகிறவரைப் பாருங்கள். வீட்டுச் செலவை யோசித்துக்கொண்டே மிதிப்பார். குறுக்கே மாடு வந்தால் கை தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். பழகிய வேலையை ஆழ்மனம் பார்த்துக்கொள்ளும். புதிய கணக்கை மேல்மனம் போடும்.

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வு, செயல் முந்துமா எண்ணம் முந்துமா என்ற கேள்வியைத் தொட்டது. ஆய்வில் பங்கேற்றவர்களிடம், விரும்பிய நேரத்தில் கையை அசைக்கச் சொன்னார். 'அசைக்கப் போகிறேன்' என்ற எண்ணம் தோன்றுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு செக்கன் முன்பே மூளையில் அதற்கான மின் அலை தொடங்கியிருந்தது. இதன் பொருள் என்ன என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனாலும், எழுந்த உந்துதலைக் கடைசிக் கணத்தில் மறிக்க மேல்மனத்தால் முடியும் என்றே லிபெட் கருதினார்.

ஆகவே நேயர்களே, தவணைக்குப் பொருள் எடுக்க ஆசை வந்தால், அந்த உந்துதலையும் சற்று மறித்துப் பாருங்கள்; கடையிலேயே ஒப்பமிட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து, மாத வருமானத்தையும் கட்டவேண்டிய தவணையையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முடிவை மறுநாள் எடுங்கள்.